ரோடனா துரை போட்ட கோடு

மேல்வாசூர்க் கோட்டையில் துப்பாக்கிகள் பாட்டுச் சொன்ன காலையில் யாரும் ஓடவில்லை. வாசலில் முருங்கைக்காய் விற்றவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காது கொடுத்தாள், சுமைமாடுகள் காதைத் திருப்பிக்கொண்டு அசைபோட்டன, கொடிமரத்தடியில் வரிசையாக நின்ற எண்பது ஜெர்மன் சிப்பாய்களும் துப்பாக்கி உதைக்கும் என்று தோளை இறுக்கி வைத்திருந்தவர்கள், உதை வராததால் கொஞ்சம் முன்னால் சாய்ந்து பிறகு நிமிர்ந்துகொண்டார்கள். வலக்கோடியில் தொடங்கி ஒவ்வொன்றாக வெடிக்க வேண்டிய வரிசைவேட்டு வெடிக்காமல், ஒவ்வொரு குழலாக வாய் திறந்து, தொண்டை கட்டிய ஆண்குரலில் நாலு வரி ஐந்து வரி என்று ஜெர்மன் பாஷையில் சொல்லிக்கொண்டே இடக்கோடி வரைக்கும் போனது, ஈயக்குண்டுகள் புளியங்கொட்டை மாதிரிக் குழல்வாயிலிருந்து உருண்டு காலடியில் விழுந்தன. ஒருவர் முகம் மட்டும் வெளுத்தது. வாளை உருவிப் பிடித்தபடி நின்ற கப்பித்தான் ரோடனா துரையின் முகம். அவை அவர் எழுதிய பாட்டுகள். அவர் பெட்டியில் இருக்க வேண்டியவை.

முழுப்பெயர் ஆல்ப்ரெக்ட் ஃபான் ரோடனாவ். பத்தொன்பது அறையில் பதினேழு ஒழுகும் ஒரு பழைய மாளிகையில், பிரபு வம்சத்தில் மூன்றாவது மகனாகப் பிறந்தவர். மூத்தவனுக்கு நிலம், அடுத்தவனுக்குத் தேவாலயம், மூன்றாமவனுக்குப் பட்டாளம் என்பது அந்த வீட்டு வழக்கம். அவரை யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதில் எழுதி நிரப்பிய முதல் நோட்டை அப்பா இடுக்கியால் பிடித்துக் கணப்படுப்பில் போட்டு, பிரபு வீட்டில் எழுதுவது கடிதமும் உயிலும்தான் என்றார். பையன் அழவில்லை, நோட்டு எரிந்து முடிகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு மாடிக்குப் போய் இரண்டாவது நோட்டைத் தொடங்கினான். பதின்மூன்றில் உடுப்பு மாட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் இரண்டு யுத்தம், தொடையில் ஒரு குண்டு, மேலதிகாரிகளின் கேலி, கல்யாணம் ஆகாத இருபத்தைந்து வருஷம், முரசுத் தோலை மேஜையாக்கி எழுதிய பாட்டுகள். முப்பத்தெட்டாம் வயதில் அவருடைய குறுநில மன்னருக்குப் புது அரண்மனை கட்டும் ஆசை வந்து, ஒரு முழுப் பட்டாளத்தையே கடற்கரைத் துரைத்தனத்துக்கு வாடகைக்கு விட்டார். ஏர்மாடு மாதிரி அவர்கள் கப்பலேறினார்கள். பாலாற்றங்கரையில் மேல்வாசூர்க் கோட்டையில் கொண்டுவந்து கட்டினார்கள்.

வந்து நாலு வருஷம். தகரப்பெட்டியில் முந்நூறு தாள். பிரதி கிடையாது. அவருடைய நாட்டில் ஒரு அச்சுக்கூடக்காரர் கடிதம் எழுதியிருந்தார்: தை மாதக் கப்பலில் அனுப்பிவைத்தால் புத்தகமாகப் போடுகிறேன், முகப்பில் உங்கள் பெயரோடு. அந்தக் கடிதத்தை ரோடனா துரை சட்டைக்குள் வைத்திருந்தார், வியர்வையில் மை ஊறிப் பெயர் மட்டும்தான் மிச்சம் தெரிந்தது. அப்பா செத்துப் பத்து வருஷம். இருந்தும் அந்த நெருப்புக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, அந்தப் பதில் தகரப்பெட்டியில் இருந்தது.

இனி அந்தச் சாய்கோடு பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாளப் பள்ளியில் அவருக்குப் பழக்கியிருந்தார்கள்: வேலை முடிந்த தாளின் மேல் மூலைக்கு மூலை ஒரு சாய்கோடு. பாட்டு முடிந்தது, இனி இதில் கைவைக்க ஒன்றுமில்லை என்று தோன்றினால் அவரும் அப்படிக் கோடு போட்டு மேஜையில் தனியாக அடுக்குவார். முந்நூறில் நாற்பதுக்குத்தான் அந்தக் கோடு கிடைத்திருந்தது. மற்றவை அவரைப் பொறுத்தவரை இன்னும் வேகாதவை.

கோட்டையிலும் அதே கோடு உண்டு. கோட்டை அலுவலகமான கச்சேரியில் தீர்ந்துபோன கடிதம், பழைய பட்டியல், செத்தவன் பெயரிருந்த தாள், எல்லாவற்றிலும் குமாஸ்தா சாய்கோடு போடுவான். கோடு போட்ட காகிதம் தோட்டாக் கொட்டகைக்கு என்பது விதி. அங்கே பதினோரு பெண்கள் தாளை நாலாகக் கிழித்து, கட்டையில் சுற்றி, ஒரு குண்டும் ஒரு கரண்டி மருந்தும் வைத்து, நூலால் கட்டித் தோட்டா ஆக்குவார்கள். சிப்பாய் அதைப் பல்லால் கடித்துப் பிய்த்து, மருந்தைக் குழலில் கொட்டி, காகிதத்தையும் குண்டோடு சேர்த்து இடித்து இறக்கிச் சுடுவான். கொட்டகைக்கு மூப்பு துளுக்காணம். சிப்பாயாயிருந்த புருஷன் போரில் போனபின் வந்தவள், கருமருந்து ஏறி விரல் நுனியெல்லாம் கறுத்தவள், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது, கோடு மட்டும் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் கூடையோடு துரைமார் அறைகளுக்குப் போய்க் கோடு போட்டதைப் பொறுக்கி வருவாள்.

அந்த ஐப்பசியில் மருந்தறைக் கூரை பிய்ந்து தோட்டா எல்லாம் நனைந்தது. பிரித்து மருந்தை வெயிலில் உலர்த்தினார்கள், காகிதம் கூழாகிவிட்டது. கடற்கரையிலிருந்து காகிதம் ஏற்றி வந்த படகு வழியில் கவிழ்ந்தது. துணியில் சுற்றினால் குழலுக்குள்ளே கனல் தங்கிவிடும், ஓலையில் சுற்றினால் விரியும். மன்னரின் பிறந்தநாள் வேட்டுக்கு நூற்றறுபது தோட்டா வேண்டும். துளுக்காணம் கூடையோடு வந்தாள், ரோடனா துரை குளிக்கப் போயிருந்தார், மேஜையில் நாற்பது தாள் அழகாக அடுக்கிக் கோடு போட்டு இருந்தது.

அவ்வளவுதான். வேட்டு முடிந்த கையோடு துரை வாளை உறையில் போடாமலேயே கொட்டகைக்கு நடந்தார். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் கோட்டையின் மொழிபெயர்ப்பாளர், துபாஷி சேஷகிரி, அதனால் அவருக்கு வந்தது ஓலைச்சுவடித் தமிழ். கோபம் வந்தாலும் இலக்கணத்தோடுதான் வரும்.

"என்னுடைய தாள்களை எவர் எடுத்தது?"

துளுக்காணம் எழுந்திருக்கவில்லை. மடியில் மருந்து. "நான்தான் துரை. கோடு போட்டிருந்துச்சு, எடுத்தாந்தேன்."

அந்தக் கோட்டின் பொருள் வேறு, அது முடிந்துவிட்டது என்று பொருள், பூர்த்தியாகிவிட்டது என்று பொருள் என்று அவர் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"எங்களுக்கும் அதானே துரை. முடிஞ்சதுக்குத்தான் கோடு."

பதினோரு பெண்களும் தலையை ஆட்டினார்கள். துரை வாளை உறையில் போட்டார். திரும்பிப் போனார்.

கர்னல் ப்ரெமர், கோட்டைக்கு மேலதிகாரி, விஷயத்தை நேராகப் பார்த்தார். துப்பாக்கி பேசுவது குற்றமா என்று சட்டப்புத்தகத்தைப் புரட்டினார், இல்லை. அனுமதியில்லாமல் பேசுவது குற்றம், ஆனால் அது சிப்பாய்க்குத்தான் எழுதியிருந்தது. கச்சேரிக் காகிதத்தில் ஒரு தோட்டா சுற்றிச் சுட்டுப் பார்த்தார், டமார் என்று வெடித்துப் பனைமரத்தில் பொத்தல் விழுந்தது. ஆக, கோளாறு துப்பாக்கியில் இல்லை, ரோடனா எழுத்தில் இருக்கிறது என்று முடிவுகட்டி, இனி ரோடனா கையெழுத்துப்பட்ட காகிதம் கொட்டகைக்குப் போகக்கூடாது என்று உத்தரவு போட்டார். உத்தரவு ஜெர்மனில் இருந்தது. கொட்டகையில் அதைச் சுவரில் ஒட்டி, அதன்மேல் நூல்கண்டு மாட்டினார்கள்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் வேறு. முதல் வாரம் சந்தையில் எந்தத் துப்பாக்கிக்குக் குரல் நல்லது என்று பேச்சு. இடமிருந்து ஒன்பதாவது, சளி பிடித்திருந்தாலும் அழுத்தம் இருக்கிறது என்று பெரும்பான்மை. இரண்டாவது வாரம் முருங்கைக்காய்க்காரி அன்று கேட்ட நாலு வரியைச் சொல்லிப் பிள்ளைக்கு மாந்தம் இறக்கினாள், இறங்கியது, எந்த மந்திரத்துக்கும் இறங்குகிற மாந்தம்தான். கோட்டைக்குக் கிழக்கே ஈச்சம்பாடியில் ஏற்றம் இறைக்கும் கன்னியப்பன் அன்று வண்டியோடு வாசலில் நின்றவன், சால் இறங்கும்போது ஒரு வரி ஏறும்போது ஒரு வரி என்று தன் காதில் விழுந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டான். நூறு சாலுக்கு மேல் இறைத்தால் வார்த்தைகளின் முனை எல்லாம் தேய்ந்து நாக்குக்கு வாகாகிவிடும். ஒரு காலை ரோடனா துரை, சேஷகிரி கூட வர, குதிரையில் அந்தப் பக்கம் போனார். தன் பாட்டை, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, வேறு மனிதன் வாயில் கேட்டார். உச்சரிப்பு நாசம். குதிரையை நிறுத்தியவர் முப்பது சால் வரைக்கும் நகரவில்லை.

கன்னியப்பன் இறங்கி வந்து சேஷகிரியிடம், இதுக்கு அர்த்தம் என்னா சாமி என்று கேட்டான். துபாஷி சேஷகிரி எதற்கும் பயப்படுகிற மனிதர், இரண்டு மொழியிலும் பயப்படுவார். துரையின் முகத்தைப் பார்த்து, தலையசைப்பு வந்தபின் சொன்னார்: "ஆற்றங்கரையில் ஒரு மரம் நிற்கிறது. அதை நிற்கச் சொன்னவர் யாருமில்லை."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அவ்ளோதானா? மரம் நிக்குது, சரி. அப்புறம் இன்னா ஆச்சு மரத்துக்கு?"

துரைக்குச் சுருக்கென்றது. அந்தத் தாளில் அந்த இரண்டு வரிதான், கீழே வெறும் வெள்ளை. அன்றைய வேட்டில் அந்தத் தாளின் மற்ற மூன்று தோட்டாவைச் சுட்டவர்களின் துப்பாக்கி பெருமூச்சு மட்டும் விட்டதை அவர் கவனித்திருந்தார். மூன்றாவது வரி எட்டு வருஷமாக வரவில்லை. ஒருநாள் அலுத்துப்போய்க் கோட்டைப் போட்டுவிட்டார். அச்சுக்கூடக்காரருக்குத் தெரியாது, கர்னலுக்குத் தெரியாது, ஏற்றக்காரனுக்குத் தெரிந்துவிட்டது.

கோட்டைக்குத் திரும்பியதும் இதைக் கொட்டகையில் போய்ச் சொன்னார். வேறு யாரிடம் சொல்வது. துளுக்காணம் நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, "அப்போ பொய்க்கோடு போட்டிருக்கீங்க துரை" என்றாள். அவருக்கு வந்த விமர்சனங்களில் அதுதான் உருப்படியானது.

மார்கழி பிறந்தது. போன வருஷத்துப் போரில் நெல் எரிந்திருந்தது, பட்டாளத்துக்குத் தீனி குறைந்தது. துரைத்தனம் கிராமங்களில் நெல்லை அள்ளிக்கொண்டு வரச் சொன்னது, ஊர்கள் கொடுத்தன, மறுபடி கேட்டது, மறுபடி கொடுத்தன. மூன்றாம் தடவை ஈச்சம்பாடியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு நெற்குதிர். விதைநெல். அதைக் கேட்டு ஆள் வந்தபோது ஊர் முழுக்க அந்தக் குதிருக்கு நாலாபக்கமும் உட்கார்ந்துகொண்டது. சத்தம் கிடையாது, கல் கிடையாது. கன்னியப்பன் மட்டும் சொல்லியனுப்பினான்: எங்களைச் சாப்பிட்டுட்டு அப்புறம் அதைச் சாப்பிடச் சொல்லு.

கர்னல் ப்ரெமர் உத்தரவை எழுத்தில் கொடுத்தார். கப்பித்தான் ரோடனாவ் எண்பது பேரோடு திங்கட்கிழமை காலை ஈச்சம்பாடிக்குப் போக வேண்டியது. கூட்டம் கலையும் வரையோ தோட்டா தீரும் வரையோ சுட வேண்டியது. பிறகு திரும்ப வேண்டியது. எண்பது பேருக்கு ஆயிரத்து நாற்பது தோட்டா. இருநூற்றறுபது தாள் வேண்டும். கர்னல் கச்சேரியின் அத்தனை பழைய தஸ்தாவேஜையும் கோடு போட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுமதித்தார். அதே திங்கட்கிழமைதான் கப்பலுக்குத் தபால் வண்டி புறப்படும் நாள். தகரப்பெட்டி அரக்கு முத்திரையோடு தயாராக இருந்தது. உள்ளே இருநூற்றறுபது தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் அறையில் உட்கார்ந்து உத்தரவைப் படித்தார். மாட்டேன் என்று சொல்லலாம். அவரை அடைத்துவிட்டு வேறொருவனை அனுப்புவார்கள், அவன் கச்சேரிக் காகிதத்தால் சுடுவான். சரி என்று சொல்லலாம். வருகிற வருஷம் புத்தகம் கையில் இருக்கும், முகப்பில் பெயர், மாளிகையின் பதினேழு ஒழுகும் அறைகளில் ஒன்றில் அதை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர் வெகுநேரம் யோசித்தார் என்று சொன்னால் நன்றாக இருக்கும். யோசிக்கவில்லை. அரக்கை உடைத்தார், பெட்டியைத் தானே தோளில் தூக்கினார், வெயிலில் பரேடு மைதானத்தைக் குறுக்கே கடந்து கொட்டகைக்கு நடந்தார். பிரபு வீட்டுப் பிள்ளை பெட்டி சுமப்பதைப் பார்த்துச் சார்ஜெண்ட் க்ரூபர் சல்யூட் அடிப்பதா வாங்கிக்கொள்வதா தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் கையை நிறுத்தினான்.

துளுக்காணம் மூடியைத் திறந்து மேல் தாளை எடுத்தாள், திருப்பினாள், அடுத்ததை எடுத்தாள்.

"இதுல கோடு இல்லையே துரை."

"பரவாயில்லை. சுருட்டுக."

"கோடு இல்லாத காயிதத்தைத் தொடக்கூடாது. எங்க கொட்டாய்ல அப்படி வழக்கம் இல்லை."

அவர் விதி என்றார், அவள் வழக்கம் என்றாள். அவர் மேலதிகாரி என்றார், அவள் போன தடவை பொய்க்கோட்டை நம்பி எடுத்து ஏச்சு வாங்கியது நான் என்றாள். கடைசியில் அவர் தரையில் உட்கார்ந்தார். மருந்துத் தூள் உடுப்பின் வெள்ளைக் கால்சட்டையில் ஒட்டியது. அவள் மைக்கூடு கொண்டுவந்து வைத்தாள், மற்ற பெண்கள் கையை நிறுத்தினார்கள், ஆல்ப்ரெக்ட் ஃபான் ரோடனாவ் முப்பது வருஷத்தை ஒவ்வொரு தாளாக எடுத்து, ஒருமுறை முழுக்கப் படித்து, பாதி வெந்ததை, அரைகுறையை, எழுதிய நாளிலேயே வெட்கப்பட்டதை, தாயின் சாவுக்கு எழுதியதை, பெயர் சொல்லக்கூடாத ஒருத்திக்கு எழுதியதை, அப்பா எரித்த நோட்டிலிருந்து நினைவில் மீட்டு மறுபடி எழுதியதை, எல்லாவற்றையும் மூலைக்கு மூலை கோடு போட்டு அவளிடம் நீட்டினார். ஒரு கோடு நீட்டுவார், ஒரு தாள் கிழியும். காலையில் தொடங்கியது, பொழுது சாய்வதற்குள் முடிந்தது. நடுவில் ஒருத்தி கூழ் கொடுத்தாள், குடித்தார்.

கடைசித் தாளை வாங்கிக்கொண்டு துளுக்காணம் கேட்டாள்: "வேற ஒண்ணும் இல்லையா துரை உங்ககிட்ட?"

"இல்லை."

அவள் அந்தத் தாளை மற்றதைவிட மெதுவாகக் கிழித்தாள். அவள் செய்யக்கூடிய மரியாதை அது.

திங்கட்கிழமை காலை ஈச்சம்பாடியில் எண்பது பேர் வரிசை கட்டினார்கள். எதிரே குதிர், சுற்றி ஊர், முதல் வரிசையில் கன்னியப்பனும் அவன் பெண்சாதியும். ரோடனா துரை உத்தரவை ஜெர்மனில் படித்தார், சேஷகிரி தமிழில் படித்தார். யாரும் கலையவில்லை. துரை வாளை உயர்த்தி, வரிசைவேட்டு என்றார், வலக்கோடியிலிருந்து. சிப்பாய்கள் தோட்டாவைக் கடித்தார்கள். நாக்கில் மை கசந்தது. சிலருக்கு அப்போதே தெரிந்துவிட்டது, தெரிந்தவர்கள் பக்கத்திலிருப்பவனுக்குச் சொல்லவில்லை.

துப்பாக்கிகள் பேசின. வலமிருந்து இடமாக, எண்பது வாய், பிறகு மறுபடி கடித்து, இடித்து, எண்பது வாய், முப்பது வருஷம் அந்தப் பொட்டலில் ஜெர்மன் பாஷையில் ஊற்றியது. மழை பெய்யும் மாளிகை பேசியது, முரசுத் தோலில் எழுதிய குளிர்காலம் பேசியது, பெயர் சொல்லக்கூடாதவள் பெயர் சொல்லாமலே பேசப்பட்டாள், குண்டுகள் உருண்டு ஊர்ப்பிள்ளைகளின் கோலிக்குழியில் போய் விழுந்தன. அச்சேறியிருந்தால் நூறு பேர் படித்திருப்பார்கள், அதில் பாதி கொட்டாவி விட்டிருப்பார்கள். இங்கே ஊரே உட்கார்ந்து கேட்டது, ஒரு வார்த்தை புரியாமல். நாலாவது சுற்றில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், எந்தப் பாட்டு என்று துரை குறித்துக்கொண்டார், தாயின் சாவுப் பாட்டு. ஏழாவது சுற்றில் எல்லாரும் சிரித்தார்கள், அது தவறான இடம், இருந்தாலும் யோசித்துப் பார்த்தால் சிரிக்க வேண்டிய இடம்தான். சிப்பாய்கள் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். குதிரில் இருப்பது என்ன என்று அவர்களுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பதின்மூன்று சுற்றும் அவசரப்படாமல் சுட்டார்கள்.

தோட்டா தீர்ந்தது. கூட்டம் கலையவில்லை. துப்பாக்கியில் கத்தி செருகிக் குத்தச் சொல்லி உத்தரவில் இல்லை. இல்லாததைச் செய்வது பட்டாளத்தில் குற்றம். ரோடனா துரை வாளை உறையில் போட்டு, வலப்புறம் திரும்பு என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால் கன்னியப்பன் கூப்பிட்டான்: "துரை, அந்த மரம் இன்னா ஆச்சு? இன்னிக்கும் வரலியே!"

துரை திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது.

கோட்டையில் அவரைக் கைது செய்தார்கள். ஆனால் ஈச்சம்பாடியைச் சுட மறுபடி தோட்டா சுற்றக் காகிதம் இல்லை. கச்சேரியில் கோடு போட்டு வைத்த பழைய தஸ்தாவேஜை எல்லாம் அந்த ஞாயிறு மாலை துளுக்காணம், கொட்டகையில் இனி வேலை இல்லையே என்று, அடுப்பெரிக்க எடுத்துப்போயிருந்தாள். கோடு போட்டதுதான். யாரும் குறை சொல்ல முடியாது. கடற்கரையிலிருந்து காகிதம் வர இருபது நாள் ஆனது. ஈச்சம்பாடிக்கு நாலு நாள் போதும். விதையை ஊறவைத்து, முளைகட்டி, சேற்றில் விட்டார்கள். சேற்றில் விட்ட நெல்லைத் திரும்ப வாங்க எந்தத் துரைத்தனத்தாலும் முடியாது.

விசாரணை கச்சேரி மண்டபத்தில் நடந்தது. குற்றம்: துரைத்தனத்தின் மருந்தைப் பேச்சில் செலவழித்தது. கர்னல் ப்ரெமர் கேட்டார், ரோடனா துரை நின்றபடி பதில் சொன்னார். உத்தரவுப்படி சுட்டீரா. சுட்டேன். தோட்டா தீரும்வரையா. தீரும்வரை. பிறகு ஏன் ஒருவர்கூடச் சாகவில்லை.

"சாகும்படி நான் எப்போதும் எழுதியதில்லை."

கர்னல் குரலைத் தாழ்த்தி, மனிதனாகக் கேட்கிறேன் என்று ஒரு வழி காட்டினார்: அது விபத்து, கொட்டகைப் பெண்கள் திருடிச் சுற்றிவிட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அவர்களுக்குச் சாட்டையடி, உமக்குப் பதவி மிச்சம். வாசற்படிக்கு வெளியே பதினோரு பெண்களும் நின்றிருந்தார்கள். சேஷகிரி அதை அவர்களுக்கு மொழிபெயர்க்கவில்லை, ஆனாலும் துளுக்காணம் துரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கையாலேயே கோடு போட்டுக் கொடுத்தேன்" என்றார் ரோடனா துரை. "இருநூற்றறுபது கோடு. ஒன்றுகூட விபத்தில்லை."

தீர்ப்பு எழுதினார்கள். பதவியைப் பறிப்பது, வாளை முழங்காலில் வைத்து முறிப்பது, உடுப்பைக் கழற்றிச் சாதாரணக் கைதியாகக் கப்பலில் ஏற்றுவது, பட்டாளத்து ஏடுகளில் அவர் பெயர் எங்குமே இல்லாமல் செய்வது. குற்றப்பத்திரத்தைத் திருப்பிப் போட்டு அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனாவை வாங்கியவர் சன்னல் பக்கம் திரும்பினார். சன்னலுக்கு வெளியே ஆற்றங்கரை, அங்கே மரம் ஒன்றும் இல்லை, ஈச்சம்பாடிப் பக்கத்தில் நாற்றங்கால் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. அப்போது வந்தது. எட்டு வருஷமாக வராதது, வந்தபோது அவர் எதிர்பார்த்த பாஷையில் வரவில்லை. தாளை நீளவாக்கில் திருப்பி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும், பெரிய கோணல் எழுத்தில் தமிழில் ஒரு வரி எழுதினார்.

கர்னல் அதைச் சேஷகிரி பக்கம் தள்ளினார். இது என்ன.

எதற்கும் பயப்படுகிற சேஷகிரி படித்தார். இரண்டாம் தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"கையெழுத்து" என்றார்.

இப்படியா கையெழுத்துப் போடுவது என்று எரிச்சலோடு கர்னல் வழக்கு முடிந்ததற்கு அடையாளமாகப் பேனாவை எடுத்து, தாளின்மேல் மூலைக்கு மூலை ஒரு கோட்டை இழுத்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. துளுக்காணம் கூடையோடு வந்தாள்.

மறுநாள் காலை கடற்கரையிலிருந்து ஒரு ஜெனரல் பரிவாரத்தோடு மேல்வாசூருக்கு வந்தார், அவருக்கு மரியாதை வேட்டு, முன்பே வந்திறங்கிய புதுக்காகிதத்தில். அதே நேரத்தில் கிழக்கு வாசல் வழியாக ஒரு மாட்டு வண்டி வெளியேறியது. வைக்கோல்மேல் ரோடனா துரை, சட்டை மட்டும், கையில் விலங்கு, மடியில் வெறும் தகரப்பெட்டி. எல்லை வரை கொண்டுவிடச் சேஷகிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

ஈச்சம்பாடி அன்று வேலைக்குப் போகவில்லை. பாதையின் இரு பக்கமும் நின்றது, முழங்கால் வரை சேறு காயாமல். மாலை கிடையாது, தாரை தப்பட்டை கிடையாது, அழுகையும் கிடையாது. வண்டி நெருங்கியதும் கன்னியப்பன் ஏற்றத்தில் சால் இறக்குகிற குரலில் முதல் வரியைத் தொடங்கினான், ஊர் வாங்கிக்கொண்டது, முனை தேய்ந்த ஜெர்மனில் முந்நூறு வாய்: ஆற்றங்கரையில் ஒரு மரம் நிற்கிறது. வண்டி நகர்ந்தது. அதை நிற்கச் சொன்னவர் யாருமில்லை. முருங்கைக்காய்க்காரியும் சொன்னாள், வண்டிக்காரனும் மாட்டை அதட்டிக்கொண்டே சொன்னான். இரண்டு வரி, அதற்குமேல் அவர்களிடம் இல்லை, எல்லாரும் நிறுத்தினார்கள்.

அந்த நிசப்தத்தில் கோட்டையில் வேட்டுத் தொடங்கியது. புதுக்காகிதத் தோட்டாக்கள் டமார் டமார் என்று வரிசையாக வெடித்துக்கொண்டே வந்தன, இடக்கோடியில் கடைசி நாலு துப்பாக்கிக்கு வந்ததும் வெடி நின்றது. தொண்டை கட்டிய அந்தக் குரல், ஜெனரலின் குதிரைக்கு முன்னால், கர்னலின் முகத்துக்கு முன்னால், மதிலைத் தாண்டி வயல் முழுக்கக் கேட்கும்படி, ஒன்றன்பின் ஒன்றாக, சுத்தமான ஓலைச்சுவடித் தமிழில் சொன்னது:

"நிற்காதே—"

"—என்று சொன்னவர்—"

"—எல்லாரும்—"

"—போய்விட்டனர்."

ரோடனா துரை கன்னியப்பனின் முகத்தையே பார்த்தார், அச்சுக்கூடக்காரரின் கடிதத்தை அவர் அப்படிப் பார்த்ததில்லை. கன்னியப்பன் வாயைத் திறந்தான், மூடினான், சேற்றுக்கையால் மீசையைத் துடைத்துக்கொண்டான். பிறகு ஒருமுறை தலையை ஆட்டினான்.

துரை விலங்கு குலுங்கக் கையை உயர்த்தி, வெறும் காற்றில், மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார்.

யாரும் அப்புறம் என்று கேட்கவில்லை.